விரிசலைப் பார்க்கக் கூப்பிட்டோம், மோட்டாரைப் பார்த்தார்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கம்பெனி பெயரைப் போடவில்லை. நல்லது ஆறு, தப்பு இரண்டு மூன்று செய்தவர்கள். பெயரைப் போட்டால் அந்த இரண்டு மூன்று மட்டும்தான் டீக்கடை டீக்கடையாகச் சுற்றும், ரங்கூனைப் பற்றித் தெரியாதா. குழாய், சாக்கடை, ரோடு, சின்னப் பாலம் என்று நகரத்து வேலைகளுக்கு ஆலோசனை சொல்லிப் பராமரிப்பும் பார்க்கிற இன்ஜினியரிங் கன்சல்டன்சி, ஒரு முப்பது பேர் இருப்பார்கள். அதற்கு நடுவில் எங்களைப் போன்ற அடுக்குமாடிக்காரர்களின் வேலையையும் எடுத்துக்கொள்கிறார்கள். சிமெண்ட் குழைப்பதில்லை, செங்கல் அடுக்குவதில்லை, பார்த்துச் சொல்வது மட்டும்தான் தொழில். "பார்த்துச் சொல்வதற்கா இவ்வளவு காசு?" என்று எங்கள் கட்டடத்தில் ஒன்பது வீட்டுக்காரர்கள் கேட்டார்கள், அதில் நானும் ஒருவன். இப்போது கேட்டால் கொடுத்த காசு தகும் என்பேன். அவர்கள் எழுதிக் கொடுத்த அறிக்கைக்காக இல்லை, வந்து நின்ற ஐந்து நாட்களுக்காக.

எங்கள் கட்டடம் அனோராத்தா ரோட்டுக்கும் மகாபந்தூலா ரோட்டுக்கும் நடுவில், காளி கோயிலிலிருந்து நடக்கிற தூரம். தொண்ணூறுகளில் எழுந்தது, தரையோடு சேர்த்து ஆறு தளம், தளத்துக்கு இரண்டு வீடு, ஆக மொத்தம் பன்னிரண்டு. லிஃப்ட் கிடையாது, இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எல்லா பால்கனியிலிருந்தும் நுனியில் கிளிப் மாட்டிய கயிறு தெரு வரைக்கும் தொங்கும், கீழே நின்று இழுத்தால் மேலே மணி அடிக்கும், பேப்பரும் பில்லும் மொஹிங்கா நூடுல்ஸ் பொட்டலமும் அதில்தான் ஏறும். நகரத்துக்குள் வீடு வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரிந்த கதைதான்.

2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை, பகல் ஒரு மணிக்குக் கொஞ்சம் முன்னால். மாண்டலே, சகாயிங் பக்கம் ஊரையே சாய்த்த அந்த 7.7 நிலநடுக்கம் ரங்கூனில் எங்களுக்கு ஓர் ஆட்டத்தோடு போய்விட்டது. நான் உளுந்துத் தரகு பார்க்கிறவன், அப்போது மாதிரியைத் தாளில் கொட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன், மணிகள் தாமாகத் தாளின் ஓரத்துக்கு நகர்ந்தன. தலை சுற்றுகிறது, சுகர் இறங்கிவிட்டது என்றுதான் நினைத்தேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் படிக்கட்டுச் சுவரைச் சுற்றிக் கூட்டம். தரைத் தளத்திலிருந்து மேலே ஏறுகிற திருப்பத்தில் விரல் நகம் நுழைகிற அளவுக்கு விரிசல், மேலே போகப் போக இன்னும் நாலைந்து. மறுநாளே ஒரு கான்ட்ராக்டர் வந்து டேப் எடுத்து அளந்து, கீழ் மூன்று தளத்துத் தூண்களுக்கும் கம்பி கட்டிப் புதுக் கான்கிரீட் போர்வை போட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த ஆட்டத்துக்கு நிற்காது என்று ஒரு தொகை சொன்னார். அந்தத் தொகையைக் கேட்டுக் கட்டடம் ஆடியதை விட நாங்கள் அதிகம் ஆடிப்போனோம். அப்போதுதான் இரண்டாம் மாடி அத்தை, மருமகன் மூலமாகக் கேள்விப்பட்டு இந்தக் கன்சல்டன்சியைச் சொன்னார். கான்ட்ராக்டர் சொன்னதில் ஒரு சின்னப் பங்குதான் இவர்கள் கேட்டது, பாதி முன்பணம், மீதி அறிக்கை கையில் வந்ததும்.

திஞ்ஜான் தண்ணீர்த் திருவிழா முடிந்து ஒரு வாரம் கழித்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருத்தர் சயாமா, படித்த பெண்களை இங்கே மரியாதையாக அப்படித்தான் கூப்பிடுவோம், இருபத்தெட்டு முப்பது வயசு இருக்கும் பர்மிய இன்ஜினியர். இன்னொருவர் நம்ம ஆள், அறுபதைத் தாண்டிய அண்ணன், தஞ்சாவூர் பக்கத்துப் பூர்வீகம், பிறந்தது இங்கேதான், முப்பது வருஷமாக இந்த நகரத்தின் மூடிகளைத் திறந்து உள்ளே எட்டிப் பார்ப்பதையே தொழிலாக வைத்திருப்பவர். எல்லோரும் விரிசலைக் காட்ட நிற்கிறோம், அந்தப் பெண் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் "மொட்டைமாடிச் சாவி யாரிடம்?" என்று கேட்டுவிட்டு மேலே ஏறிவிட்டார். எனக்கு அப்போதே ஒரு மரியாதை வந்துவிட்டது. எங்கள் தொழிலிலும் அப்படித்தான். மூட்டையின் வாயைப் பார்த்து விலை பேசுகிறவன் தரகன் இல்லை, குத்தூசியை அடியில் குத்தி எடுக்கிறவன்தான் தரகன்.

மொட்டைமாடியில் வீட்டுக்கு ஒன்று என்று பன்னிரண்டு பிளாஸ்டிக் தொட்டி, ஒவ்வொன்றும் நானூறு கேலன். எல்லாமே ஒரே மூலையில், குழாய் நீளம் மிச்சம் பிடிக்க. சயாமா எங்களைக் கேட்டார், ஒரு கேலன் தண்ணீர் என்ன எடை? யாருக்கும் தெரியவில்லை. பத்துப் பவுண்டு. நானூறு கேலன் நாலாயிரம் பவுண்டு, பன்னிரண்டு தொட்டி நிறைந்தால் நாற்பத்தெட்டாயிரம் பவுண்டு, இருபத்தொரு டன்னுக்கு மேல். நான் மனசுக்குள் மூட்டைக் கணக்குப் போட்டேன், ஐம்பது கிலோ மூட்டையில் நானூற்று முப்பது மூட்டைக்கு மேல் உளுந்து. அவ்வளவு உளுந்தை மொட்டைமாடி மூலையில் அடுக்குகிறேன் என்று நான் சொல்லியிருந்தால் பன்னிரண்டு வீடும் சேர்ந்து என்னைக் கீழே தள்ளியிருக்கும். தண்ணீர் என்பதால் யாரும் பேசவில்லை. அண்ணன் இன்னும் எளிதாகச் சொன்னார்: "தலையில் குடம் வைத்துப் போகிறவளை இடுப்பில் லேசாகத் தட்டினால் என்ன ஆகும்? பூமி ஆடும்போது கட்டடத்துக்கும் அதுதான்." பாரம் உச்சியில் இருந்தால் ஆட்டம் கூடும், மூலையில் இருந்தால் முறுக்கவும் செய்யும்.

தொட்டிகளுக்கு நேர் கீழே இருக்கிற மேல்தளத்து வீட்டில் உத்தரத்தின் அடியில் நீளவாக்கில் ஒரு கோடு, துரு நிறத்தில். அந்த இடத்தில் உளியால் ஒரு கட்டைவிரல் ஆழத்துக்குத் தட்டி எடுத்து, ஸ்பிரே பாட்டிலில் இருந்த நிறமில்லாத மருந்தை அடித்தார்கள். பினால்ப்தலின், பள்ளிக்கூட லேபில் பார்த்ததுதான். உள்பக்கம் பீட்ரூட் நறுக்கியது போலச் சிவந்தது. வெளிப்பக்கம் ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் வெள்ளையாகவே நின்றது. நல்ல கான்கிரீட்டில் காரம் இருக்கும், அந்தக் காரம்தான் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது, காற்று உள்ளே புகுந்து வருஷக்கணக்கில் அந்தக் காரத்தைத் தின்றுவிட்டால் மருந்து சிவக்காது. எங்கள் கம்பி கிடந்தது வெள்ளைப் பகுதியில். மேலே தொட்டிகளின் நிரம்பி வழிகிற தண்ணீர் வேறு. துரு பிடித்த கம்பி பருத்து, தன்னைச் சுற்றியிருக்கிற கான்கிரீட்டைத் தானே பிளக்கிறது. அந்தக் கோட்டுக்கும் மார்ச் 28க்கும் சம்பந்தமே இல்லை.

அதற்கப்புறம்தான் படிக்கட்டு விரிசலுக்கு வந்தார்கள். விரிசலைப் படிப்பது கைரேகை படிப்பது போல என்று அண்ணன் சிரித்துக்கொண்டே சொன்னாலும், அந்த அரை மணி நேரத்தில் நான் தெரிந்துகொண்டது கொஞ்சநஞ்சம் இல்லை. இரண்டு ஜன்னலுக்கு நடுவில் பெருக்கல் குறி மாதிரி குறுக்கும் நெடுக்கும் விழுந்திருந்தால் அது நிலநடுக்கம் போட்டது, கட்டடம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுபட்ட அடையாளம். தூணும் செங்கல் சுவரும் சேருகிற இடத்தில் நேர்கோடாக இறங்கினால் பெரும்பாலும் பூச்சு விட்டுப்போனது, பயப்பட ஒன்றுமில்லை. செங்கல் இடுக்கு வழியாகப் படிப்படியாக ஏணி மாதிரி ஏறினால் கீழே ஒரு பக்கம் மண் இறங்குகிறது. எங்கள் நாலைந்தில் மேலே இருந்தவை எல்லாம் நேர்கோடு. நகம் நுழைந்த அந்த ஒன்று மட்டும் ஏணி. ஆட்டம் அதைக் கொஞ்சம் அகலப்படுத்தியிருக்கலாம், உண்டாக்கவில்லை. விரிசலுக்குள் டார்ச் அடித்துக் காட்டினார், உள்ளே பழைய சுண்ணாம்புப் பெயிண்டும் ஒட்டடையும். மார்ச்சில் பிறந்த விரிசலுக்குள் அவ்வளவு அழுக்கு எப்படி வரும்?

தூண்களை ஸ்பிரிங் சுத்தியலால் ஒவ்வோர் இடத்திலும் பத்துப் பத்து முறை தட்டி, கான்கிரீட்டின் பலத்தைக் காட்டுகிற எண்ணைக் குறித்துக்கொண்டார்கள். கீழ்த் தூண்களுக்கு ஒன்றும் இல்லை. கான்ட்ராக்டர் சொன்ன போர்வை தேவைப்படவே இல்லை. தேவையில்லை என்று சொல்ல ஒருத்தருக்குக் காசு கொடுக்க வேண்டியிருக்கிறதே என்று நாலாம் மாடிக்காரர் அப்போதும் முனகினார். அதே சமயம் "அப்போ கட்டடம் பத்திரமா?" என்று கேட்டதற்கு அண்ணன் ஆமாம் என்றும் சொல்லவில்லை. மார்ச் நிலநடுக்கம் கிளம்பிய சகாயிங் பிளவு, பூமிக்குள் இருக்கிற அந்த வெடிப்பு, ரங்கூனுக்குக் கிழக்கே கொஞ்ச தூரத்தில்தான் போகிறது. 1930 மே 5ஆம் தேதி பெகு ஆடியபோது அங்கே ஐந்நூறு பேர் வரை செத்தார்கள், ரங்கூனிலும் கட்டடம் விழுந்து ஆட்கள் போனார்கள். "அது திரும்பி வராதுன்னு என் கையெழுத்துப் போட முடியாது தம்பி, தொட்டியை இறக்குங்கன்னு மட்டும் போடுவேன்."

ஏணி விரிசலின் மேல் மூன்று இடத்தில் ஜிப்சம் குழைத்து, பெரிய பொட்டு அளவுக்கு அப்பி, அதன் மேல் தேதியைக் கீறிவிட்டுப் போனார்கள். சுவர் நகர்ந்தால் பொட்டு வெடிக்கும். அதற்கு ஆகிற செலவு ஒரு கப் லெபெ யே டீக்குக் கூட வராது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும்போது தினமும் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போக ஆரம்பித்தார்கள்.

இரண்டாவது முறை வந்தபோது குழாயில் தண்ணீர் அழுத்தம் காட்டுகிற கேஜ் ஒன்றைக் கொண்டுவந்தார்கள், பூஜ்யத்துக்கு மேலே மட்டும் இல்லாமல் கீழேயும் முள் இறங்குகிற வகை. இதைத்தான் நான் முக்கியமாக எழுத வந்தது. நகரத்துக் குழாயில் வருகிற தண்ணீர் லோகா ஏரி, ஜோபியூ அணை என்று வெள்ளைக்காரன் காலத்திலிருந்து வருகிற ஏற்பாடு, லோகா 1904, ஜோபியூ 1940. வருகிற அழுத்தம் ஆறு தளம் ஏறாது. அதனால் பன்னிரண்டு வீட்டுக்கும் பன்னிரண்டு மோட்டார், எல்லாமே ரோட்டுக் குழாயிலிருந்து நேராக உறிஞ்சுகிற மாதிரி. கரண்ட் போய்த் திரும்பி வருகிற நேரம் பார்த்து, கேஜைக் கீழ்வீட்டுக் குழாயில் மாட்டிவிட்டு அந்தப் பெண் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார். கரண்ட் வந்தது. கயிற்று மணி மாதிரி ஒவ்வொரு தளமாக மோட்டார் சத்தம். முள் இறங்கியது, பூஜ்யத்தைத் தொட்டது, தாண்டிக் கீழே போய் நடுங்கிக்கொண்டு நின்றது. "இப்போது உங்கள் குழாய் தண்ணீர் தரவில்லை, வெளியே இருப்பதை உள்ளே இழுக்கிறது" என்றார். வெளியே என்ன இருக்கிறது? பின்சந்து. பின்சந்துச் சாக்கடைக்குள்ளேதான் எங்கள் குழாய்கள் வரிசையாகக் கிடக்கின்றன, இணைப்புகளில் பாதி கசிகிறது. அழுத்தம் இருந்தால் தண்ணீர் வெளியே கசியும். அழுத்தம் கீழே போனால் சாக்கடை உள்ளே கசியும். கரண்ட் வந்த முதல் நிமிடத்துத் தண்ணீரில் ஒரு வாடை வரும், அதைப் பிடித்து வைக்காதே என்று என் அம்மா எத்தனையோ வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார், நாங்கள் குளோரின் என்று நினைத்திருந்தோம்.

மூன்றாவது முறை பச்சைச் சாயம். தரைத்தளக் கழிப்பறையில் கொட்டி ஊற்றினார்கள், தெருவில் இருக்கிற மூடிக்குள் அது தெரிய வேண்டும். தெரியவில்லை. இருபது நிமிடம் கழித்துப் பின்சந்தில், விரிசல் சுவரின் அடியில், ஊற்று மாதிரிக் கிளம்பியது. மண்ணுக்குள் குழாய் உடைந்து, எத்தனையோ மழைக்காலமாக அஸ்திவாரத்து மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவிக்கொண்டிருக்கிறது. அந்தப் பச்சை பக்கத்துக் கட்டடத்து டீக்கடையின் பாத்திரம் கழுவுகிற இடம் வரைக்கும் போய்விட்டது, அவர்களுக்கு முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடைக்காரர் கரண்டியோடு வந்தார். அவர் கத்தியதில் நியாயம் இருந்தது. நம்ம அண்ணன்தான் அந்தத் தண்ணீரில் கையைக் கழுவிக் காட்டி, விஷம் இல்லை என்று சமாதானம் செய்தார். இது கம்பெனியின் தப்பு என்றே எழுதுகிறேன், வாசலில் ஒரு தாள் ஒட்டியிருந்தால் முடிந்திருக்கும்.

அன்றைக்குக் கோபம் அடங்கி எல்லோரும் அதே டீக்கடையில் உட்கார்ந்தபோது அண்ணன் சொன்ன கதையை இங்கே சேர்க்காமல் விட மனசு வரவில்லை. நம் தெருக்களுக்கு அடியில் இருக்கிற கழிவுநீர் ஏற்பாடு 1888ஆம் வருஷத்துச் சங்கதி, ஷோன் என்ற இன்ஜினியருடைய முறை. ரங்கூன் தட்டையான ஊர், கழிவு தானாக ஓடிப்போகச் சரிவு கிடையாது. அதனால் தெருவுக்கடியில் வார்ப்பிரும்புக் கலங்கள். கழிவு தானாக ஓடி வந்து கலத்தில் விழும், கலம் நிறைந்ததும் மிதவை எழும்பி ஒரு வால்வைத் திறக்கும், தூரத்து ஸ்டேஷனிலிருந்து குழாயில் வருகிற அழுத்தக் காற்று உள்ளே பாய்ந்து மொத்தத்தையும் பெரிய குழாய்க்குத் தள்ளிவிடும், அப்புறம் காற்று வெளியேறி மறுபடியும் நிறைய ஆரம்பிக்கும். உள்ளே சுற்றுகிற இயந்திரம் ஒன்றுகூட இல்லை, அதனால்தான் நூறு வருஷம் தாண்டியும் வேலை செய்திருக்கிறது. காற்று வெளியேறும்போது ஒரு பெருமூச்சுச் சத்தம் வரும் என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சின்ன வயசில் ராத்திரி அந்தச் சத்தத்தைக் காட்டித்தான் பாட்டி என்னைத் தூங்க வைத்தாள், முனி மூச்சு விடுகிறது என்று.

சரி, அறிக்கைக்கு வருவோம். நாலு வாரத்தில் தருவதாகச் சொன்னார்கள், ஆகஸ்டில்தான் வந்தது. அதற்குள் முழு மழையும் இறங்கிவிட்டது, ஜூலையில் ஒரு பொட்டு, கீழே சாக்கடைப் பக்கம் இருந்தது, நடுவில் வெடித்தது, போட்டோ எடுத்து அனுப்பினால் மூன்று நாள் கழித்துப் பதில். வந்த அறிக்கை நாற்பத்தொரு பக்கம், முழுக்க ஆங்கிலம். எங்கள் பன்னிரண்டு வீட்டில் ஆங்கிலம் வாசிக்கிறவர்கள் மூன்று வீடு. அதில் பதினெட்டாம் பக்கத்தில் "லிஃப்ட் குழியில் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள்ளவும்" என்று இருக்கிறது. லிஃப்ட் குழி! வேறு யாருடைய கட்டடத்து அறிக்கையையோ எடுத்துப் பெயரை மாற்றி ஒட்டியிருக்கிறார்கள். அதைப் பார்த்த பிறகு நாலாம் மாடிக்காரர் மற்ற நாற்பது பக்கத்தையும் நம்ப மறுத்துவிட்டார், அவரைக் குறை சொல்ல முடியாது. நேரில் வந்த இரண்டு பேரும் மண்டியிட்டுப் பார்த்ததை ஆபீசில் உட்கார்ந்த யாரோ கத்தரிக்கோலால் வெட்டி ஒட்டிக் கெடுத்துவிட்டார்கள். பில்லிலும் போக்குவரத்து ஏழு முறை என்று இருந்தது. வந்தது ஐந்து முறை, என் தரகு நோட்டில் தேதியோடு இருக்கிறது. காட்டினேன், பேசாமல் குறைத்துக்கொண்டார்கள். லிஃப்ட் பக்கத்தையும் மாற்றித் தந்தார்கள், பர்மிய மொழியில் நாலு பக்கச் சுருக்கமும் கேட்ட பிறகு வந்தது. அந்த நாலு பக்கம்தான் உண்மையான அறிக்கை.

அதில் இருந்தது இவ்வளவுதான். உடைந்த குழாயை மாற்றி, சுவரடி மண்ணைக் கெட்டிப்படுத்துங்கள். மாடிப்படிக்கு அடியில் தரைக்கு மேலே ஒரு பொதுத் தொட்டி வைத்து, ரோட்டுக் குழாய்த் தண்ணீர் தன் அழுத்தத்தில் தானாக வந்து விழுகிற மாதிரி மிதவை வால்வு போடுங்கள். அந்தத் தொட்டியிலிருந்து ஒரே மோட்டார், பன்னிரண்டுக்குப் பதில். மொட்டைமாடியில் இரண்டே தொட்டி, அதுவும் மூலையில் இல்லை, தூண்களின் தலைக்கு நேராக. துருப்பிடித்த உத்தரத்தைச் சுரண்டிச் சரி செய்யுங்கள். சாக்கடை உறிஞ்சுவது நிற்கும், உச்சிப் பாரம் இறங்கும், கரண்ட் செலவும் மிஞ்சும். கான்ட்ராக்டர் சொன்ன தொகையில் பாதிகூட இல்லை.

குழாயும் உத்தரமும் முடிந்தது. பொதுத் தொட்டி தீபாவளிக்குப் பிறகு வைத்தோம், முதல் நிமிடத்து வாடை இப்போது இல்லை, அம்மா இன்னும் அந்த நிமிடத்தை விட்டுவிட்டுத்தான் பிடிக்கிறார். வெடித்த பொட்டுக்குப் பக்கத்தில் அண்ணன் புதிதாக ஒன்று அப்பியிருக்கிறார், இதுவரை முழுசாக இருக்கிறது.

கூப்பிட நினைக்கிறவர்களுக்கு: முன்பணம் கொடுக்கும்போதே பர்மிய மொழிச் சுருக்கம் வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், வந்த நாட்களைக் குறித்து வையுங்கள், மழைக்கு முன்னால் ஆரம்பியுங்கள், சாயம் ஊற்றுகிற நாளில் பக்கத்துக் கடைக்கு நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள். அந்தச் சயாமாவும் அண்ணனும் வருவார்களா என்று கேட்டுவிட்டுச் சம்மதியுங்கள். ஐந்துக்கு நான் மூன்றரை போடுவேன், அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும் என்றால் ஐந்து.

மொட்டைமாடியில் இப்போது இரண்டு தொட்டி இல்லை, நான்கு இருக்கிறது. பொதுத் தொட்டியை நம்ப முடியாது, கல்யாணம் காட்சி என்றால் தண்ணீருக்கு யார் பதில் சொல்வது என்று இரண்டு வீடு பழைய தொட்டியை இறக்க மாட்டேன் என்கிறது. ஒன்று நாலாம் மாடிக்காரருடையது. இன்னொன்று எங்களுடையது, என் வீட்டுக்காரி சாவியைக் கொடுக்கவில்லை.